பற்றுச்சீட்டும் பெயர்ப்பட்டியலும்

பொதுப் பணத்தைக் கையாளுவோர் கள்வராயிருத்தல் கூடாது என்பது எல்லாரும் ஒப்பும் உண்மை. அதனை நிறுவுதற்கு ஒரு கட்டுரை வேண்டியதில்லை. ஆயின், கள்வரல்லாத ஒருவரும் பொதுப் பணத்தைக் கையாளும்போது பிறர்க்குத் தீங்கிழைத்தல் கூடுமா? ஒரு சதமேனும் பிசகாத கணக்கு, அறத்தினின்றும் பிசகிய கணக்காக இருத்தல் இயலுமா? இவ்வினா நூல்களைப் படித்ததனால் என்னுள் எழுந்ததன்று. ஒரு கிராமப் பாடசாலையிலே பெற்றோர் திரட்டிய நிதிக்குப் பற்றுச்சீட்டு எழுதும் பணி என் கைக்கு வந்து சேர்ந்ததனால் எழுந்தது.

2022ஆம் ஆண்டின் நெருக்கடியை இந்நாட்டார் எவரும் மறந்திருக்க மாட்டார். அவ்வாண்டு மார்ச்சு மாதத்திலே கடதாசி இல்லாமையால் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. ஏப்பிரலில், வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. ஒரு கொப்பியின் விலையைக் கேட்டுத் தாய்மார் கடைவாசலில் திகைத்து நின்ற காலம் அது. அதற்கடுத்த ஆண்டிலே எங்கள் பாடசாலையின் மாணவியர் மலசலகூடத்துக் கூரை ஒரு மழைக்காலத்தோடு இறங்கிவிட்டது. தண்ணீர்த் தொட்டியிலும் வெடிப்பு விழுந்தது. மேல் வகுப்பு மாணவியர் சிலர் மாதத்திற் சில நாட்கள் பள்ளிக்கு வராதொழிந்தனர். வரவு இடாப்பில் அதற்குக் காரணம் எழுதும் வழக்கம் இல்லை. ஆயினும் காரணத்தை ஆசிரியைகளாகிய நாங்கள் அறிந்திருந்தோம். மேலிடத்துக்கு எழுதிய கடிதங்களுக்கு, நிதி கிடைத்ததும் கவனிக்கப்படும் என்ற பதிலே வந்தது. காத்திருந்து சலித்த பெற்றோர் தாமே காசு சேர்ப்பதெனத் தீர்மானித்தனர்.

அவர்கள் அமைத்த குழுவில் இளைப்பாறிய எழுதுவினைஞர் ஒருவர் தனாதிகாரி. கடை முதலாளி ஒருவரும் இளைப்பாறிய தலைமையாசிரியர் ஒருவரும் உறுப்பினர். எழுத்து வேலை என்னுடையது. வீடுதோறும் அனுப்பிய அறிவித்தலின் முதல் வாக்கியம், விரும்பியவர் விரும்பிய தொகையைத் தரலாம் என்பது. இரண்டாம் வாக்கியம், ஆகக் குறைந்த தொகை 500 ரூபா என்பது. இவ்விரு வாக்கியங்களும் ஒரே தாளில் ஒற்றுமையாக வாழமாட்டா என்பது அன்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. விருப்பத்துக்கு அளவு குறித்தால் அது வரியாகிவிடுகிறது. வரிக்கேனும் வருமானத்தைப் பார்க்கும் நியாயம் உண்டு. எங்கள் ஐந்நூறோ கடை முதலாளிக்கும் கூலிக்காரிக்கும் ஒரே ஐந்நூறு.

அடுத்து நாங்கள் செய்த காரியம் நேர்மையின் பெயராலே செய்தது. யார் யார் எவ்வளவு தந்தார் என்பதைத் தரம் தரமாக எழுதி, பிள்ளையின் பெயரையும் பெற்றோர் பெயரையும் தொகையையும் காட்டும் பட்டியலொன்றை அறிவித்தற் பலகையிலே ஒட்டினோம். எவரும் எங்களைச் சந்தேகிக்கக் கூடாது என்பதே நோக்கம். பணம் தந்தவர் தம் பணம் கணக்கிலே ஏறியதைக் கண்ணாற் காணலாமன்றோ? தனாதிகாரி அப்பட்டியலைத் தம் அழகிய கையெழுத்திலே எழுதினார். ஒரு கிழமைக்குள் பாடசாலை முழுவதும் அதனைப் படித்துவிட்டது. தமிழ்ப் பாடப் புத்தகத்தில் ஒரு பந்தியை வாசிக்கத் தடுமாறும் ஏழாந் தர மாணவனொருவன் அப்பட்டியலைத் தடுமாறாமல் வாசித்ததை நான் கேட்டேன். அவன் வாசித்தது தொகைகளையன்று; தொகையெழுதாமல் விடப்பட்டிருந்த இடங்களை.

அன்று மாலை ஒரு தாய் என் வீட்டுப் படலையடியில் வந்து நின்றாள். தோட்டங்களில் நாட்கூலிக்குப் போகின்றவள். சேலைத் தலைப்பில் முடிந்திருந்த ஒரு நூறு ரூபாத் தாளை எடுத்து நீட்டினாள்.

"ரீச்சர், ஐஞ்ஞூறு எண்டு எழுதி விடுங்கோ. மிச்சத்தை வெங்காயம் கிண்டினாப்பிறகு கொண்டுவந்து தாறன். பெடியன் பள்ளிக்கூடம் போகமாட்டன் எண்டு நிக்கிறான்."

நான் ஐந்நூறு என்று எழுதினேன். மறுநாட் காலையில் என் பணத்தில் நானூறு ரூபாவை எடுத்துப் பெட்டியில் இட்டேன். காசேடு சரியாக இருந்தது. கணக்கைப் பார்வையிட்டவர் என் ஒழுங்கைப் பாராட்டினார்.

நான் செய்தது நன்றா? என் நண்பர் பலர் இதனைக் கேட்டுவிட்டு, இரக்கமுள்ளவர் எவரும் அவ்வாறே செய்வர் என்றனர். அந்த ஆறுதல் என் மனத்துக்குப் போதவில்லை. முதலாவதாக, பொதுக் கணக்கிலே நான் ஒரு பொய்யை எழுதினேன். நன்மைக்காக எழுதிய பொய்யாயினும், காசேட்டிற்கு நன்மைப் பொய் தீமைப் பொய் என்ற வேறுபாடு தெரியாது. இன்று இரக்கத்துக்கு வளைந்த பேனா நாளை வேறொன்றுக்கும் வளையலாம். இரண்டாவதாக, அத்தாய் என்னிடம் கேட்டது தவணை; நான் அவள் அறியாமற் கொடுத்தது பிச்சை. கேட்டதை மறுப்பதினும், கேளாததைக் கேட்டதுபோற் கொடுப்பது ஒருவரைச் சிறுமைப்படுத்தும். மூன்றாவதே பெருங் குற்றம். அவளை அந்நிலைக்குத் தள்ளியது பட்டியல். அதனைக் கழற்றும் துணிவில்லாத நான், நானூறு ரூபாவைக் கொண்டு என் துணிவின்மையை மூடினேன். தனிமனித இரக்கம் பல வேளைகளில் இந்தத் தொழிலையே செய்கிறது. அது காயத்துக்கு மருந்திட்டுக் கத்தியை அதன் இடத்திலேயே விட்டுவைக்கிறது.

யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் ஒரு காலம் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிலத்திலும் ஏனையோர் வாங்கிலும் இருத்தப்பட்டனர். 1930ஆம் ஆண்டை அண்டிய காலத்திலே சம ஆசனத்துக்கான போராட்டம் எழுந்தது. எதிர்ப்பும் வன்மமாக எழுந்தது. இன்று நிலத்திலிருக்கும் பிள்ளை இல்லை. எனினும், அறிவித்தற் பலகையிலே ஒரு பிள்ளையின் பெயருக்கெதிரே வெற்றிடம் விட்டு, நூறு கண்கள் அதனைப் பார்க்குமாறு செய்தால், அப்பிள்ளையை மறுபடியும் நிலத்தில் இருத்தியவராகின்றோம். நிலத்திலிருந்து எழுந்து வாங்கிலிருக்கலாம். பட்டியலிலிருந்து எழுவதற்கோ ஐந்நூறு ரூபா வேண்டும்.

வெங்காயம் கிண்டி முடிந்தபின் அத்தாய் வந்தாள். நானூறு ரூபாவையும் எண்ணித் தந்தாள். "கணக்குச் சரிதானே, ரீச்சர்?" என்று கேட்டாள். "சரி" என்றேன். அவள் போனபின் அத்தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். நியாயப்படி அவை என்னுடைய பணம். என் பணப்பையிலே வைத்தால் யாரும் குற்றங் கூறார். ஆயினும் வைக்கக் கை கூசியது. பெட்டியில் இட்டால் கணக்கிலே நானூறு கூடும். ஒரு சிறு பொய்யைச் சரிசெய்ய இன்னொரு பொய் வேண்டியிருந்தது. அடுத்த கூட்டத்திலே, அத்தாயின் பெயரைக் கூறாமல், நடந்தது முழுவதையும் குழுவினர்க்குச் சொன்னேன். தனாதிகாரி என்னைக் கடிந்தார். அவர் கடிந்தது நியாயமே. பின்னர் அவரே ஒரு வழியுங் கண்டார். அவள் ஐந்நூறு தந்தது இப்போது மெய்யாகிவிட்டது. நானிட்ட நானூறு பெயர் குறிப்பிடாதவரின் கொடையாகப் பதியப்படட்டும் என்றார். "பெயர் குறிப்பிடாதவர்" என்ற அச்சொல் எங்கள் காசேட்டில் அன்றுதான் முதன்முதல் எழுதப்பட்டது. அதனைத் தொடர்ந்து, எல்லாரையுமே அவ்வாறு பதிந்தால் என்ன என்ற வாதமும் எழுந்தது.

கடை முதலாளி எதிர்த்தார். பெயர் வெளிவராவிட்டால் யார் தருவார் என்றார். எங்கள் கோயில்களிலே மின்குமிழ்க் கண்ணாடியிற்கூட உபயகாரர் பெயர் எழுதப்பட்டிருக்கிறதே; வெளிச்சம் குறைந்தாலும் குமிழ் கிடைத்ததல்லவா என்றும் கேட்டார். நகைப்புக்குரியதாயினும் இது வலிய வாதமே. இளைப்பாறிய தலைமையாசிரியர் வள்ளுவரைத் துணைக்கழைத்தார். ஈகை என்னும் அதிகாரத்தை அடுத்துப் புகழ் என்னும் அதிகாரத்தை வைத்தவர் வள்ளுவரன்றோ, கொடுப்பவன் புகழை விரும்புவதிற் குற்றமென்ன என்றார்.

தமிழைப் பாடமாகக் கற்றவளாதலின் இவ்விடத்தில் நான் வாய்திறக்க வேண்டியதாயிற்று. புகழுக்கு முன் ஈகை நிற்பது உண்மை. ஈகைக்கு முன் நிற்பது யாது? ஒப்புரவறிதல். இருபத்திரண்டாம் அதிகாரம் ஒப்புரவு, இருபத்துமூன்றாவது ஈகை. இரண்டும் ஒன்றாயின் வள்ளுவர் இரண்டு அதிகாரம் வகுத்திரார். ஈகை இல்லாதவனுக்கு இருப்பவன் தருவது. அங்கே ஒருவன் கை மேலும் மற்றவன் கை கீழும் இருக்கும். ஒப்புரவோ ஊரோடு ஒத்து வாழ்பவன் ஊருக்குச் செய்யும் கடமை. அதற்கு அவர் காட்டிய உவமைகள் ஊரார் நீருண்ணும் குளம் நிறைதல், ஊர் நடுவே மரம் பழுத்தல், எல்லா உறுப்பும் மருந்தாகும் மரம் என்பன. நிறைந்த குளம் வருவோனிடம் நீ எவ்வளவு மழை தந்தாய் என்று கேட்பதில்லை. எங்கள் நிதி எந்த வகையைச் சார்ந்தது? தம் பிள்ளைகளும் அயலார் பிள்ளைகளும் படிக்கும் இடத்துக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டுவது ஈகையன்று, ஒப்புரவு. ஒப்புரவிலே பெரிய கையும் சிறிய கையும் இல்லை. இனிப் புகழ் என்பதோ பிறர் வாயிலே தானாகப் பிறப்பது. தன் பெயரைத் தானே தன் செலவிற் சுவரில் எழுதிக்கொள்வதற்கு வேறு பெயர் உண்டு, அது விளம்பரம்.

தலைமையாசிரியர் விட்டாரல்லர். நம் முன்னோர் கல்லிலே வெட்டினார்களே என்றார். மெய்தான். தஞ்சைப் பெரிய கோயிற் சுவர்களிலே முதலாம் இராசராசனும் அவன் சுற்றத்தாரும் அளித்தவை நிறை அளவோடு வெட்டப்பட்டுள்ளன. ஆயின் அக்கல்வெட்டுகளை இறுதிவரை படித்தல் வேண்டும். சோழர் காலத்திலே ஒரு நந்தா விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடுகள் விடுவது வழக்கு. அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்பர். செத்தவற்றின் இடத்தைக் குட்டிகள் நிரப்ப, மந்தை குறையாமல் நிற்க வேண்டும் என்பது அச்சொல்லின் பொருள். அந்த ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையனின் பெயரும், அவன் நாள்தோறும் அளக்க வேண்டிய உழக்கு நெய்யும் கல்லிலே வெட்டப்பட்டன. அஃதாவது, கொடுத்தவன் பெயரோடு பொறுப்பேற்றவன் பெயரும், பொறுப்பின் அளவும் ஊரறிய நின்றன. நாம் அம்மரபிலே பாதியை மாத்திரம் எடுத்துக்கொண்டோம். கொடுத்தவன் பெயரை மின்குமிழ்வரை கொண்டுவந்துவிட்டு, காப்பவன் பெயரை மறைத்துவிட்டோம்.

சிக்கலின் முடிச்சு இங்கேதான் அவிழ்ந்தது. பணத்தை ஒளிவுமறைவின்றிக் கையாளுதல் வேண்டும் என்பதும், தருவோரின் மானத்தைக் காத்தல் வேண்டும் என்பதும் ஒன்றையொன்று முரணும் இரு கடமைகள் என நான் எண்ணியிருந்தேன். உண்மையில் அவை முரணவில்லை. தெரிய வேண்டியது அதிகாரம் உடையவனின் செயல். மறைய வேண்டியது அதிகாரம் இல்லாதவனின் இயலாமை. நாங்கள் இதனைத் தலைகீழாகச் செய்திருந்தோம். தந்தவர்களை ஊரறியப் பரிசோதித்துவிட்டு, செலவழித்த எங்களை நாங்களே நம்பிக்கொண்டோம்.

ஆகவே புதிய விதிகளை வகுத்தோம். ஆகக் குறைந்த தொகை நீக்கப்பட்டது. மாணவர் மூலம் பணம் வாங்குவது நிறுத்தப்பட்டது. தருபவர் குழுவினரிடம் நேரிலே தரலாம். எவ்வளவு சிறிய தொகைக்கும் இலக்கமிட்ட பற்றுச்சீட்டு உண்டு; பலகையிலே சீட்டின் இலக்கமும் தொகையும் மாத்திரம் காணப்படும். தம் சீட்டை வைத்திருப்பவர் தம் பணம் ஏறியதைப் பார்த்துக்கொள்ளலாம்; அயலவர் அறியார். பணத்தை எண்ணும்போது இருவர் இருத்தல் வேண்டும். எண்ணிய பணம் வங்கியிலிடப்படும். எடுப்பதற்கு இரு கையொப்பம் வேண்டும். செலவுப் பக்கத்திலோ மறைவு என்பதே இல்லை. சீமெந்து மூடை, மணல், கம்பி, மேசன் கூலி என ஒவ்வொன்றும் விலையோடும் திகதியோடும் எழுதப்படும். அடியிலே பொறுப்பேற்ற எங்கள் மூவரின் பெயரும் இருக்கும். மிஞ்சும் பணத்தை, பெற்றோரை மறுபடி கூட்டிக் கேளாமல், வேறெதற்கும் செலவிடுதல் கூடாது. பரிசளிப்பு விழாவுக்கு அதனை மாற்றலாம் என்று ஒருவர் கூறியபோது, மலசலகூடத்துக்கென்று வாங்கிய பணம் மாலைக்கும் மேளத்துக்கும் போவது கடன்படுவதற்குச் சமமெனத் தனாதிகாரி மறுத்துவிட்டார்.

இவ்வேளையிலே கடல் கடந்து வாழும் பழைய மாணவர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. பெருந்தொகை தருவதாகவும், தம் தந்தையார் பெயரில் வாயிலில் ஒரு வளைவு கட்ட வேண்டுமெனவும் எழுதியிருந்தார். அவரை எள்ளி நகையாட எனக்கு மனமில்லை. போரினால் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு, அந்நிய நாட்டிலே இரவுவேலை செய்து சேர்த்த பணம் அது. தம் பெயர் அழிந்துபோன ஊரிலே தந்தையின் பெயரேனும் நிற்கட்டும் என்ற ஏக்கத்தில் மனிதத்தன்மை இருக்கிறது. ஆயினும் வளைவின் கீழாகப் புகுந்து வரும் மாணவிக்கு உள்ளே ஒதுங்க இடமில்லை என்பதை அவருக்கு எழுதினோம். தருபவர்க்குத் தருவதா இல்லையா என்று தீர்மானிக்கும் உரிமை உண்டு. பாடசாலைக்கு எது முதலில் வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை பணத்தோடு சேர்ந்து வருவதில்லை. அவரிடமிருந்து பதில் வரவில்லை. பணமும் வரவில்லை. இதனை மறைக்காமற் சொல்லிவிடுகிறேன். அறத்துக்கு எப்பொழுதும் இலாபம் உண்டு என்று மாணவர்க்குப் போதிப்பது அவர்களை ஏமாற்றுவதாகும். பட்டியல் போனபின் பற்றுச்சீட்டுகளின் தொகை கூடியது. பணத்தின் தொகை குறைந்தது. தொட்டி முதலிற் கட்டப்பட்டது. கூரை இரண்டு தவணை பிந்தியது. கடை முதலாளி சொன்னதிலும் பாதி உண்மை இருந்தது.

இதுவரை கூறியது பணத்தை எவ்வாறு திரட்டுவது என்பது பற்றி. திரட்டுவதே சரியா என்னும் வினா எஞ்சி நிற்கிறது. எங்கள் ஆசிரியர் ஓய்வறையிலே ஒரு நண்பர் இதனை ஓயாமற் கேட்டார். 1945இல் இந்நாட்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அக்காலக் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் தலைமையில் அமைந்த குழுவின் 1943ஆம் ஆண்டு அறிக்கை அதற்கு வித்திட்டது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. கல்வி தருமமன்று, உரிமை என்பதே இவற்றின் கருத்து. அவ்வுரிமையின் ஒரு பகுதியைப் பெற்றோர் மறுபடி பணங்கொடுத்து வாங்கினால், நாம் உரிமையைத் தருமமாக மாற்றுகிறோம் அல்லவா? 2012இலே பல்கலைக்கழக ஆசிரியர்கள் தேசிய வருமானத்தில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்குமாறு கோரி மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தனர். ஒவ்வோர் ஊரும் தன் கூரையைத் தானே வேய்ந்துகொண்டால் அக்கோரிக்கையை யார் எழுப்புவார்? ஒஸ்கார் வைல்ட் 1891இல் எழுதிய கட்டுரையொன்றிலே, தருமம் வறுமை என்னும் நோயைத் தீர்க்காமல் நீளச் செய்கிறது என வாதித்ததையும் நண்பர் எடுத்துக்காட்டினார்.

இவ்வாதத்திலே மிகக் கூரிய முனை வேறொன்று. பெற்றோர் தரும் பணம் பாடசாலைகளுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வை வளர்க்கிறது. பழைய மாணவர் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சங்கம் வைத்திருக்கும் கல்லூரிக்குப் புதிய மண்டபம் எழுகிறது. அடுத்த ஊர்ச் சிறு வித்தியாலயத்துக்கோ வன்னியின் குடியேற்றப் பாடசாலைக்கோ அத்தகைய சங்கம் இல்லை. மலையகத் தோட்டப் பாடசாலையிலே படிக்கும் பிள்ளையின் தாய் கொழுந்து கிள்ளும் நாட்சம்பளத்தில் எதைத் தருவாள்? தன் பிள்ளைக்கு நன்மை செய்ய வேண்டும் என்ற குற்றமற்ற அன்பே, பல்லாயிரம் வீடுகளிற் சேரும்போது, இன்னொருத்தியின் பிள்ளையைப் பின்தள்ளும் சக்தியாகிவிடுகிறது. தனித்தனியே ஒருவரும் தீமை செய்யவில்லை. ஆயினும் தீமை நிகழ்கிறது. தனிமனித ஒழுக்கத்தை மாத்திரம் பேசும் அறநூல்கள் எட்டாத இடம் இது.

நண்பருக்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. கூரை இறங்கிய கட்டடத்தின் முன் நிற்கும் பதினாறு வயது மாணவியிடம், வரவுசெலவுத் திட்டம் திருந்தும்வரை பொறுத்திரு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுக்குப் பதினாறு வயது ஒருமுறைதான் வரும். அதேவேளை, வேய்ந்துவிட்டோம் என்று பெருமைகொண்டு வாளாவிருக்கவும் மனம் ஒப்பவில்லை. ஒன்றை மாத்திரம் செய்தோம். கணக்கு முடிந்ததும் அதன் பிரதியொன்றை வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பினோம். தலைப்பிலே, நன்கொடைக் கணக்கு என்று எழுதவில்லை; அரசு செய்திருக்க வேண்டிய வேலைக்குப் பெற்றோர் இதுவரை செலவிட்ட பணம் என்று எழுதினோம். அதனைக் கொடையாக அன்றி, அரசின் தலையில் நிற்கும் கடனாகவே கருதுகிறோம். அயலிலுள்ள இரு சிறு பாடசாலைகளின் பெற்றோரும் தங்கள் தேவைகளை அதனோடு சேர்த்து எழுதினர். கொடுப்பதும் கேட்பதும் எதிரான செயல்களல்ல. கொடுத்துவிட்டுக் கேளாதிருப்பதே பிழை.

இப்போது அறிவித்தற் பலகையிலே செலவுக் கணக்கு தொங்குகிறது. சில நாட்களுக்கு முன், பட்டியலைத் தடுமாறாமல் வாசித்த அதே மாணவன் அதன் முன் நின்றுகொண்டிருந்தான். என்னைக் கண்டதும், "ரீச்சர், ஒரே சீமெந்துக்கு ஏன் ரண்டு விலை போட்டிருக்கு?" என்று கேட்டான். தனாதிகாரியிடம் அழைத்துச் சென்றேன். அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டி, இரண்டு திகதிகளில் வாங்கிய இரண்டு கடைச் சிட்டைகளையும் எடுத்து வைத்து, அந்தப் பன்னிரண்டு வயதுப் பையனுக்குக் கணக்குச் சொன்னார். அவன் சிட்டைகளை இருமுறை பார்த்துவிட்டுத்தான் தலையசைத்தான்.